நடுக்கட்டம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் மூன்று வாரம் எங்களோடு விளையாட வரவில்லை. போன் போட்டால் எடுப்பான். "கடையில ஆள் நிக்காவ, அப்புறம் பேசுதேன்" என்பான். அப்புறம் பேசமாட்டான். காரணம் நான்தான். நான் என்றால், விளையாட்டில் நான் ஆடும் டிரூயிட் என்ற பாத்திரம். முப்பத்தெட்டு வயதில் ஒரு மேசை விளையாட்டுக்காக ஒருத்தன் கோபித்துக்கொள்வானா என்று முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. இரண்டாவது வாரம் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது வாரம், அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறதோ என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அது இன்னும் எழுந்து போகவில்லை, அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூடுவோம். சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, பெங்களூரில் வேலை பார்த்த நாளில் டி அண்ட் டி பழகியவன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. வீட்டிலிருந்தே வேலை என்றாகி ஊருக்கு வந்ததும், கூட ஆட ஆள் இல்லாமல் எங்களைப் பிடித்து உட்காரவைத்தான். அவன்தான் டிஎம், கதையை நடத்துகிறவன். நண்பன் பலாடின், தீமையை எதிர்க்கும் புனித வீரன். நான் டிரூயிட், இயற்கை மந்திரம் தெரிந்த பூசாரி. மதினி திருடி. மதினி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாரம் ஆறு நாள் ஒழுங்கு சொல்லிக் கொடுக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை பூட்டு உடைப்பதில் காட்டும் உற்சாகத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். தம்பி வரைந்த உலகமும் நம்மூர்தான். பொதிகை மாதிரி ஒரு மலை, அதிலிருந்து இறங்கும் ஒரு ஆறு, ஆற்றின் குறுக்கே எட்டு அணைகள். தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன் வேறு எப்படி உலகம் படைப்பான்?

தம்பிக்கு இந்த விளையாட்டின் இரண்டாம் பதிப்பின் மேல் பித்து. 1989இல் வந்த விதிகள். அதில் டிரூயிட் என்றால் ட்ரூ நியூட்ரலாக, எந்தப் பக்கமும் சாயாத முழு நடுநிலையாகத்தான் இருந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. பாத்திரத்தின் விவரம் எழுதும் கேரக்டர் ஷீட்டை நீட்டும்போதே அந்த இடத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டான். பாத்திரம் எந்தப் பக்கம் என்று சொல்லும் ஒன்பது அலைன்மென்ட்டையும் மூன்றுக்கு மூன்றாகக் கட்டம் போட்டுக் காட்டினான். மேல்வரிசை நன்மை, கீழ்வரிசை தீமை. பக்கவாட்டில் ஒழுங்கிலிருந்து குழப்பம். பார்த்ததும் எனக்கு நவக்கிரக சன்னிதி ஞாபகம் வந்தது. சூரியன் இருக்கிற நடு இடம் என்னுடையது. சுற்றி எட்டுப் பேர், ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு. நடுவில் இருப்பவனுக்கு எல்லாரும் ஒன்றுதான். நல்லா இருக்கே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஆபீசிலும் சரி, சொந்தக்காரர் வீட்டுச் சண்டையிலும் சரி, 'நான் யார் பக்கமும் இல்லப்பா' என்று சொல்லிப் பழகியவன் நான். அதற்கு ஒரு விளையாட்டில் பேரும் மந்திரமும் கொடுத்தால் கசக்குமா?

சாமிக்கு எதுக்குக் கட்டம்

நண்பன் கோபத்துக்குக் காரணமான சண்டையைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். தம்பி தன் உலகத்துக்குச் சாமிகளை உண்டாக்கிக்கொண்டிருந்தபோது, சுடலைமாடனைப் போல ஒருவரைச் சேர்க்க ஆசைப்பட்டான். சாமிகளுக்கும் அலைன்மென்ட் போடவேண்டும். 1980இல் இந்த விளையாட்டுக்காக வெளியான தெய்வங்களின் தொகுப்பில் நம் இந்திரனுக்கும் அக்னிக்குமே கட்டம் ஒதுக்கியிருந்தார்கள். மாடனை எங்கே வைப்பது? ஒரு மணி நேரம் வாதாடினோம். பிணம் தின்கிறவர், சுடுகாட்டில் இருப்பவர், பலி கேட்பவர் என்று பார்த்தால் கீழ்வரிசை. ஊர்க்காவல், குறி, பிள்ளைவரம் என்று பார்த்தால் மேல்வரிசை. கூட்டிக் கழித்து நடுக்கட்டம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். டீ கொண்டுவந்த அம்மா நின்று கேட்டுவிட்டு, "மாடனுக்கு என்னத்துக்குல கட்டம்? ஜாதகமா பாக்கப்போற?" என்றாள்.

அன்றைக்கு அதைச் சிரித்துக் கடந்துவிட்டோம். பிறகு யோசித்தால் அம்மா சொன்னது சரி. கோயில் கொடையில் நடுச்சாமம் சாமியாடி தீப்பந்தத்தோடு மயான வேட்டைக்குப் போகும்போது குறுக்கே நிற்க யாருக்கும் தைரியம் கிடையாது. மாடன் நல்லவர் என்று எவரும் சொல்வதும் இல்லை. ஆனால் பொய்ச் சத்தியம் பண்ணியவனை அவர் விடமாட்டார் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வில்லுப்பாட்டில் கேட்ட கதைகளிலெல்லாம் அவர் பயங்கரமானவர், கோபக்காரர், சில சமயம் நமக்கே அநியாயமாகப் படும்படி பழிவாங்குகிறவர். ஒரு கதையிலாவது 'இரண்டு பக்கமும் சமமாகட்டும்' என்று கைகட்டி நின்றதாக நான் கேட்டதில்லை. நல்லவராக இல்லாமல் இருப்பதும் நடுவில் இருப்பதும் வேறு வேறு. எங்கள் கட்டத்தில் அந்த வேறுபாட்டுக்கு இடம் இல்லை.

கொடியால் கட்டிப்போட்டது

இனி அந்தச் சண்டை. மலையடிவாரத்தில் ஒரு கிராமம். நோல் கூட்டம் ஒன்று இறங்கிவந்து ஆட்டையும் ஆளையும் தூக்கிக்கொண்டு போகிறது. கழுதைப்புலித் தலையும் மனித உடம்பும் உள்ள ஜந்துக்கள். கிராமத்து ஓரத்தில் குடிசை போட்டிருந்த ஒரு கிழவி, நாங்கள் போய்ச் சேர்ந்த ராத்திரி எங்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். தம்பி அவளை நன்றாகவே பேசுவான். குரலைத் தாழ்த்திக்கொண்டு "குடிங்க மக்கா, சூடு ஆறிரும்" என்பான். மூன்று ஞாயிறு மலையில் ஏறி இறங்கிச் சண்டை போட்டோம். கடைசியில் நோல்கள் ஆறேழு பேர்தான் மிச்சம். ஒரு குகைக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். பலாடின் வாசலில் வாளோடு நிற்கிறான்.

முந்தின நாள் ராத்திரி நான் விதிப்புத்தகத்தைப் படித்திருந்தேன். ட்ரூ நியூட்ரல் என்ற இடத்தில் இதே கதைதான் உதாரணமாக இருக்கிறது. தீய நோல்களை அடக்க உள்ளூர்ப் பிரபுவோடு சேரும் டிரூயிட், நோல்கள் அழியும் நிலைக்கு வந்ததும் விலகிப் போகலாம், இல்லை அந்தப் பக்கமே சேர்ந்துவிடலாம். எந்தத் தட்டும் ஒரேயடியாக இறங்கிவிடக் கூடாது என்பது அவன் கொள்கை. தம்பி வேண்டுமென்றேதான் நோல்களை இறக்கினான் என்று எனக்கு இன்றும் சந்தேகம். அவன் இல்லை என்கிறான்.

என் முறை வந்தது. செடிகொடிகளை எழுப்பிப் பின்னிக் கட்டும் மந்திரத்தை எடுத்தேன். குகைக்குள் போடவில்லை. வாசலில் நின்ற பலாடின் காலைச் சுற்றிப் போட்டேன். தம்பி ஒரு தரம் "உறுதியாவா அண்ணே?" என்று கேட்டான். உறுதியாகத்தான் என்றேன். பாத்திரத்துக்கு உண்மையாக ஆடுகிறேன் என்ற மிதப்பு வேறு. நோல்கள் ஓடித் தப்பின. நண்பன் அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா வெளாண்டல" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

அடுத்த ஞாயிறு நாங்கள் கிராமத்துக்குத் திரும்பும்போது புகை தெரிகிறது என்றான் தம்பி. கிராமத்து ஓரத்திலிருந்துதான் எரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றான். அதற்குமேல் அவன் விவரிக்கவில்லை. கஞ்சிப் பானை உருண்டு கிடந்தது என்று மட்டும் சொன்னான். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான். என்னையறியாமல் நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். சமநிலை, இயற்கை, நோல்களும் ஒரு உயிர்ச்சங்கிலியில்... நண்பன் தன் டைஸ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டிருந்தான். மதினிதான் கேட்டார்:

"அந்த ஆச்சி கையால கஞ்சி வாங்கிக் குடிச்சீங்களே தம்பி, அப்போ எந்தத் தட்டுல இருந்தீங்க?"

பதில் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் இல்லை. நண்பன் படியிறங்கும் சத்தம் கேட்டது.

அந்த மூன்று வாரமும் நான் வேறு வேலை பார்க்கவில்லை என்றே சொல்லலாம். இந்த விளையாட்டில் நடுக்கட்டம் எப்படி வந்தது என்று தோண்டிக்கொண்டிருந்தேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் முதன்முதலில் வெளியிட்டபோது ஒன்பது கட்டம் கிடையாது. மூன்றே பக்கம்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். அப்படி இருந்தவரை நடுநிலைக்கு அர்த்தம் இருந்தது. ஒழுங்கு முற்றினால் மூச்சு முட்டும். குழப்பம் முற்றினால் சிதறிப் போகும். இரண்டுக்கும் நடுவே நிற்பது நல்ல விவசாயி செய்கிற காரியம். வரப்பும் வேண்டும், வரப்பில் மடையும் வேண்டும். பிறகு நன்மை, தீமை என்ற இன்னொரு கோட்டைக் குறுக்கே போட்டார்கள். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ஒன்பதும் வந்துவிட்டன. சிக்கல் அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் நடுவில் நின்று மரியாதை சம்பாதித்த சொல்லை அப்படியே தூக்கி நன்மைக்கும் தீமைக்கும் நடுவில் வைத்துவிட்டார்கள். சொல் ஒன்றுதான், நிற்கிற இடம் வேறு. வெயிலுக்கும் மழைக்கும் நடுவே நிற்கலாம். அடிக்கிறவனுக்கும் அடிவாங்குகிறவனுக்கும் நடுவே என்ன இருக்கிறது? விலக்கிவிடுகிறவன் நிற்கலாம். இன்னும் நாலு அடி பாக்கி இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டு நிற்கமுடியாது.

நிஜ வாழ்க்கையில் நடுவில் நிற்கிறவனுக்கு ஒரு சாக்கு உண்டு. 'எது சரி, எது தப்பு என்று யாருக்குத் தெரியும்?' அது பாதி சமயம் உண்மையும்கூட. இந்த விளையாட்டு அந்தச் சாக்கையும் பிடுங்கிவிடுகிறது. பலாடின் நின்று கவனித்தாலே எதிரில் தீமை இருப்பதை உணர்வான், அவனுக்கு அந்த வரம் உண்டு. சந்தேகத்துக்கு இடமே கிடையாது. அப்படித் தெரிந்த பிறகும் நடுவில் நிற்கிறேன் என்றால், அங்கே நிற்பதற்குத் தீமை கொஞ்சம் மிச்சம் இருக்கவேண்டும் என்று ஆகிவிடுகிறது. நோல்கள் ஒழிந்துவிட்டால் என் டிரூயிட்டுக்கு நிற்க இடம் இல்லை. அவன் காப்பாற்றியது நோல்களை இல்லை, தான் நிற்கிற இடத்தை.

தம்பி விடவில்லை. டிராகன்லான்ஸ் என்ற டி அண்ட் டி கதை உலகத்து இஸ்தார் நகரத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அங்கே அரசகுரு ஒருவர் தீமையே இருக்கக் கூடாது என்று கிளம்பி, கடைசியில் மனதில் நினைப்பதைக்கூடக் குற்றமாக்கி, தேவர்களுக்கே கட்டளையிடப் போய், அவர்கள் ஒரு மலையைத் தூக்கி அந்த நகரத்தின் மேல் போட்டார்கள். "நல்லதும் அளவுக்கு மிஞ்சினா இப்படித்தான் அண்ணே. அதான் பேலன்ஸ் வேணும்" என்றான். நல்ல வாதம். இரண்டு நாள் என்னைப் படுத்தியது. அப்புறம் தோன்றியது: அந்த அரசகுருவிடம் அளவுக்கு மிஞ்சியது நல்லதா? பிறர் மனதுக்குள் ஆள் அனுப்புவதும், அடிமைப்படுத்துவதும், தனக்கு மேல் யாருமில்லை என்பதும் எந்த ஊரில் நல்லது? கெட்டதுக்கு நல்லது என்று பேர் எழுதி ஒட்டியிருந்தார். பேரை நம்பி, அதற்கு எடைக்கு எடை கெட்டதை எதிர்த்தட்டில் வைக்கவேண்டும் என்கிறது கதை. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் ஒன்பதை ஐந்தாகச் சுருக்கியவர்கள் நடுநிலை என்ற பேரையே எடுத்துவிட்டு, 'எந்தப் பக்கமும் சேராதது' என்று ஒன்றை வைத்தார்கள். 2014இல் ஒன்பதும் திரும்பிவிட்டன. அதோடு அந்தச் சேராததையும் வைத்துக்கொண்டு, நல்லது கெட்டது அறியாத மிருகங்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாகுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது. பசுவின் நடுநிலையை யார் குறை சொல்வது?

தாத்தாவின் தீர்ப்பு

இவ்வளவுக்கும் அடியில் வேறொன்று கிடந்ததை, அப்பாவோடு பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் கண்டுகொண்டேன். விளையாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அப்பாவுக்கு டிரூயிட் புரியவில்லை. கட்டிப்போட்டது புரிந்தது. "உங்க தாத்தா மாதிரி பண்ணிட்ட" என்றார்.

எங்கள் பூர்வீகம் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். தாத்தா ஊரில் நடு ஆள். தண்ணீர்த் தகராறு, வரப்புத் தகராறு என்றால் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். யார் வீட்டிலும் காப்பி குடிக்கமாட்டார், தீர்ப்பு சொல்லும் நாளில் யாரோடும் சேர்ந்து நடக்கமாட்டார். அந்தப் பெருமையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அப்பா அன்று சொன்னது அதில் சேராத கதை. ஒரு பிசானப் பருவத்தில் தண்ணீர் முடை. முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள். மேல்மடைக்காரர் ஒருவர், ராத்திரியில் மடையை உடைத்துக் கடைமடைக்காரரின் முறைத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு ராத்திரி இல்லை, நாலைந்து ராத்திரி. பயிர் கதிர் வெளிவரப்போகும் பொதியில் நிற்கிறது. தாத்தாவுக்குத் தெரியும். விடியற்காலை வாய்க்கால் கரையில் நடக்கிறவர், ஈரம் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே போதும்.

கடைமடைக்காரர் வெளியூரில் மருந்து வாங்கப் போயிருந்ததால் அவர் மனைவிதான் திண்ணைக்குக் கீழே வந்து நின்றாளாம். மேல்மடைக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். தாத்தா இரண்டு பேரையும் கேட்டார். மேல்மடைக்காரர், தான் உடைக்கவே இல்லை என்றார், அந்த அம்மாள் உடைத்தார் என்றாள். தாத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போனது போகட்டும். இனிமே இருக்க தண்ணிய ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிடுங்க. ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்றார். ஊரே மெச்சியது. ஏற்கெனவே வயிறு நிறைந்த வயலுக்குப் பாதி, காய்ந்து வெடித்த வயலுக்குப் பாதி. கடைமடைப் பயிர் முக்கால்வாசி மணி பிடிக்காமல் சாவியாகப் போனது. அந்த அம்மாள் போகும்போது ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு தாத்தா காலையில் வாய்க்கால் கரையில் நடப்பதைக் கோயில் வரைக்கும் வைத்துக்கொண்டார், கடைமடை வரைக்கும் போவதில்லை. காரணம் கேட்டால் முழங்கால் வலி என்பார்.

அப்பா சொல்லி முடித்ததும், எங்கள் இருவரின் நடுநிலையும் ஒரே பிழைதான் என்று பட்டது. தராசின் வேலை எந்தத் தட்டு கனம் என்று சொல்வது. அதன் முள் ஒரு பக்கம் சாய்ந்தால்தான் அது நல்ல தராசு. குறள் சொல்லும் துலாக்கோலும் அதைத்தான் செய்கிறது. முதலில் சமமாக நிற்கிறது, அப்புறம் சீர்தூக்குகிறது. தாத்தாவும் நானும் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு தட்டும் நேராக நின்றால் போதும் என்று ஏறிநின்ற தட்டில் விரலை வைத்து அழுத்தினோம். மளிகைக் கடையில் இதைச் செய்தால் அதற்கு வேறு பேர்.

பாரதத்தில் யார் பக்கமும் சேராமல் தீர்த்தயாத்திரை போன பலராமனை நான் அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் உறவு, பீமனும் துரியோதனனும் தன்னிடம் கதாயுதம் பயின்றவர்கள். விலகிப் போனார். ஆனால் கடைசி நாள் திரும்பி வந்து, பீமன் தொடையில் அடித்ததைப் பார்த்ததும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். அவர் கோபம் சரியா என்பது வேறு வழக்கு. நடுவில் இருந்த மனிதர் முறை தவறியதைக் கண்டதும் தவறியது என்று கத்தினார், அதுதான் எனக்கு வேண்டியது. உதியஞ்சேரலாதன் பாரதப் போரில் பெருஞ்சோறு கொடுத்ததைப் புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் படித்திருக்கிறோம். இரண்டு படைக்கும் கொடுத்தான் என்பார்கள். அதுவும் நடுநிலைதான். பசித்தவனுக்குச் சோறு போடுவதற்குப் பக்கம் பார்க்கவேண்டியதில்லை. தம்பியின் கிழவி அந்த வகை. மலையிலிருந்து அடிபட்ட நோல் ஒன்று வந்திருந்தாலும் ஒரு அகப்பை ஊற்றியிருப்பாள் என்றே நினைக்கிறேன். அந்த மேசையில் உண்மையாக நடுவில் இருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் ஷீட்டில் கட்டமே கிடையாது.

நாலாவது ஞாயிறு நண்பன் வந்தான். நான் கூப்பிடவில்லை, மதினி கூப்பிட்டிருக்கிறார். நேராக வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், "இருல" என்றான். சுருக்குப்பையை அவிழ்க்காமலே தம்பியைப் பார்த்து, "அந்தக் கெழவிக்குப் பேரு என்ன?" என்று கேட்டான். தம்பி தன் நோட்டைப் புரட்டினான். பேர் வைக்கவில்லை. 'கிராமத்துக் கிழவி, கஞ்சி' என்று மட்டும் எழுதியிருந்தது. "பேரு இல்லாம எப்படிடா பொதைக்கிறது? மொதல்ல பேரு போடு. அப்புறம் ஆட்டம்" என்றான் நண்பன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். திண்ணைக்குக் கீழே நின்ற அந்த அம்மாளின் பேரை அப்பா அன்றைக்குச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். தம்பி பென்சிலை எடுத்தான்.

"ரெண்டு சுழி ன-வா அண்ணே, மூணு சுழியா?"